கணையத் திட்டு மாற்று: தடுப்பாற்றல் என்னும் தடை

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான். இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவமனையில் மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் வரிசையில் நிற்பவர்களைக் கேட்டால், எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "சுகர்." ஆனால் அந்த வரிசையில் குறைந்தது மூன்று நோய்கள் நிற்கின்றன.

முதலாவது, நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பெரும்பாலும் வரும் இரண்டாம் வகை நீரிழிவு. இன்சுலின் சுரக்கும், உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை மருத்துவர் வி. மோகனின் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வகையினர். இரண்டாவது, பள்ளிப் பருவத்தில் திடீரென்று தாக்கும் முதல் வகை நீரிழிவு. உடலின் தடுப்பாற்றலே கணையத்தின் இன்சுலின் செல்களைக் கொன்றுவிடுவதால் வருவது இது. "பால்கோவாவை அள்ளித் தின்றான், அதனால்தான்" என்று உறவினர்கள் சொல்வார்கள். பால்கோவாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மூன்றாவது, சிறு வயதில் தீராத வயிற்றுவலியில் தொடங்கி, கணையத்தில் கற்கள் சேர்ந்து, வாலிபத்தில் சர்க்கரையாக முடியும் வெப்பமண்டலக் கணைய நோய். தென்னிந்தியாவுக்கு இது பழைய விருந்தாளி.

"கிட்னியை மாற்றுகிறார்கள், கணையத்தை மாற்ற முடியாதா?" என்ற கேள்வி இந்த மூவருக்கும் எழும். அதற்கு மூன்று வெவ்வேறு பதில்கள் உண்டு. எந்தப் பதில் யாருக்கு என்பதை அறுவை மருத்துவரின் திறமையைவிட நோயாளியின் தடுப்பாற்றல்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கணையத் திட்டு மாற்றின் ஐம்பதாண்டு வரலாற்றை இந்த ஒரு கோணத்தில் படித்தால், அந்தச் சிகிச்சை ஏன் இன்னும் நம் ஊர்களுக்கு வரவில்லை என்பது விளங்கும். வரும்வரை எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் விளங்கும்.

ஒரு கிராம் திசு

கணையத்தின் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரக்கும் திசு. அதன் நடுவே ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு செல் கூட்டங்களை 1869இல் பெர்லினில் தன் முனைவர் ஆய்வேட்டில் விவரித்தவர் பால் லாங்கர்ஹான்ஸ். அப்போது அவருக்கு வயது 21. அந்தத் திட்டுகள் எதற்காக இருக்கின்றன என்று அவருக்கே தெரியவில்லை. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு வந்தது. கணையத்துக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு அதன்பிறகே உறுதிப்பட்டது.

ஒரு மனிதக் கணையத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் திட்டுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒன்றிரண்டு கிராம்தான் தேறும். அந்த எடையில் பாதிக்கு மேல் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள். முழுக் கணையத்தை விட்டுவிட்டு இந்தச் சிறு திசுவை மட்டும் கொடுத்தால் போதுமே என்ற எண்ணம் இன்சுலினைவிடப் பழையது. 1893 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாட்சன் வில்லியம்ஸ் என்ற மருத்துவர், சாகக் கிடந்த பதினைந்து வயதுச் சிறுவனின் தோலுக்கடியில் ஆட்டின் கணையத் துண்டுகளை வைத்துத் தைத்தார். மூன்று நாளில் சிறுவன் இறந்தான். இன்னோர் உயிரின் திசுவை உடல் ஏற்காது என்பதை விளக்கும் அறிவியல் அன்று இல்லை.

1922இல் டொரன்டோவில் இன்சுலின் ஊசி வந்தபிறகு இந்த முயற்சி ஓய்ந்தது. சாவைத் தள்ளிப்போட வழி கிடைத்துவிட்டதால் அவசரம் தணிந்தது. ஆனால் ஊசியால் கணையத்தைப்போல் நிமிடத்துக்கு நிமிடம் அளந்து கொடுக்க முடியவில்லை. கூடினால் மயக்கமும் வலிப்பும் வந்தன. குறைந்தால் ஆண்டுகள் கழித்துக் கண்ணும் சிறுநீரகமும் பழுதாயின. எனவே கணையத்தைத் தேடி மீண்டும் வந்தார்கள். 1966இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கெல்லியும் லில்லிஹையும் முழுக் கணையத்தை மாற்றிப் பொருத்தினார்கள். பெரிய அறுவை அது. செரிமான நீர் கசிந்தால் வயிறே புண்ணாகும். மறுபுறம், செயின்ட் லூயிஸ் நகரில் பால் லேசி 1967இல் எலியின் கணையத்தை கொலாஜினேஸ் என்ற நொதியால் கரைத்துத் திட்டுகளைத் தனியே பிரித்துக் காட்டினார். முறத்தில் புடைத்து உமியை நீக்குவதுபோல் செரிமானத் திசுவை ஒதுக்கித் திட்டுகளைத் தேற்றும் இந்த வேலைக்கு 1988இல் கமிலோ ரிக்கோர்டி ஓர் இயந்திரக் கலத்தை வடிவமைத்தார். இன்றும் உலகெங்கும் அவர் பெயரால் வழங்கும் அந்தக் கலம்தான் பயன்படுகிறது.

திட்டுகளை எங்கே வைப்பது? லேசியின் ஆய்வுக்கூடத்தில் 1973இல் எலிகளில் சோதித்தபோது கல்லீரல் வாயில்சிரையில் செலுத்துவதே நன்றாக வேலை செய்தது. மனிதர்களிலும் அதே வழிதான். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, வலப்புற விலாவழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, ஒரு பையில் இருக்கும் திட்டுகளைச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். காயத்தை மூட, ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணியில் ஒரு துண்டு போதும். கடினமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எட்மன்டனில் ஏழு பேர்

1990களில் உலகெங்கும் செய்யப்பட்ட 267 திட்டு மாற்றுகளில் ஓராண்டுக்கு மேல் இன்சுலின் ஊசியில்லாமல் வாழ்ந்தவர்கள் 8.2 சதவீதம்தான். 2000ஆம் ஆண்டில் கனடாவின் எட்மன்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் ஷாபிரோ குழு, தாங்கள் சிகிச்சையளித்த ஏழு பேரும் ஊசியை விட்டுவிட்டதாக அறிவித்தது. இரண்டு காரணங்கள். ஒன்று, ஒரு நோயாளிக்கு இரண்டு அல்லது மூன்று கொடையாளர்களின் திட்டுகளைக் கொடுத்தார்கள். மற்றொன்று, உறுப்பு மாற்றில் வழக்கமாகத் தரும் ஸ்டீராய்டை அறவே தவிர்த்தார்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், புதிய திட்டுகளைத் திணறடிக்கும். அதற்குப் பதில் சிரோலிமஸ், டாக்ரோலிமஸ், டாக்லிசுமாப் என்ற மூன்று மருந்துகளைப் பயன்படுத்தினார்கள்.

உலகமே கொண்டாடியது. ஐந்தாண்டு கழித்து, 2005இல், அதே குழு நேர்மையாக வெளியிட்ட கணக்கு வேறு விதமாக இருந்தது. ஐந்தாம் ஆண்டில் சுமார் 80 சதவீதத்தினரிடம் திட்டுகள் ஓரளவு உயிரோடு இருந்தன. ஆனால் ஊசியே இல்லாமல் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 10 சதவீதம்தான். மற்றவர்கள் குறைந்த அளவில் இன்சுலினுக்குத் திரும்பியிருந்தார்கள்.

இதைத் தோல்வி என்று எழுதிவிட முடியாது. முதல் வகை நீரிழிவில் பல ஆண்டுகள் கழிந்த சிலருக்கு 'லோ சுகர்' வருவதற்கு முன் தெரியும் வியர்வை, நடுக்கம் போன்ற எச்சரிக்கைகள் மறைந்துவிடும். நின்ற இடத்தில் விழுவார்கள். தூக்கத்திலேயே இறப்பதும் உண்டு. இவர்களுக்குக் கொஞ்சம் திட்டு உயிரோடு இருந்தாலே அந்த ஆபத்து விலகும். 2016இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையில் 48 பேரில் 87.5 சதவீதத்தினர் ஓராண்டு முடிவில் கடுமையான தாழ்சர்க்கரை இன்றி நல்ல கட்டுப்பாட்டில் இருந்தார்கள். 2023 ஜூனில் அமெரிக்க அரசு 'லான்டிட்ரா' என்ற பெயரில் கொடையாளர் திட்டுகளை முறையான சிகிச்சையாக ஏற்றது. இத்தகைய பெரியவர்களுக்கு மட்டுமே அந்த ஒப்புதல். முதல் வகை வந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இது மருந்து என்று யாரும் சொல்லவில்லை.

மூன்று தாக்குதல்கள்

நட்ட திட்டுகள் ஏன் சாகின்றன? மூன்று தாக்குதல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன.

முதல் தாக்குதல் சில நிமிடங்களில் நடக்கிறது. திட்டுகள் நேராக ரத்தத்தில் கலந்து பழக்கப்பட்டவை அல்ல. அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் 'திசுக் காரணி' என்ற புரதத்தைக் கண்டதும் ரத்தம் அதை ஒரு காயமாகக் கருதி உறையத் தொடங்குகிறது. தட்டணுக்கள் மொய்க்கின்றன, நிரப்புப் புரதங்கள் விழித்துக்கொள்கின்றன, வெள்ளணுக்கள் உள்ளே புகுகின்றன. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999 முதல் இதை விளக்கி வந்தார்கள். இறக்கிய திட்டுகளில் பெரும்பங்கு முதல் சில நாட்களிலேயே இப்படி அழிகிறது. ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று கணையங்கள் தேவைப்பட்டதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இரண்டாவது, அந்நியத்தை எதிர்க்கும் தாக்குதல். நம் ஒவ்வொரு செல்லின் மேலும் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. இது நம்மைச் சேர்ந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று டி செல்கள் இவற்றைப் பார்த்தே முடிவு செய்கின்றன. உடன்பிறந்த இருவருக்கு இவை முழுதும் ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்பு. முன்பின் தெரியாத கொடையாளரோடு ஒத்துப்போவது அரிது. தமிழ்நாட்டில் இந்தப் புரதங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று தொடக்கத்திலேயே ஆராய்ந்தவர்களில் ஒருவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆர்.எம். பிச்சப்பன். ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தும், தமக்குள்ளேயே மணம் முடிக்கும் சாதிக் குழுக்களிடையே எச்.எல்.ஏ. வகைகளின் விகிதம் வேறுபடுவதை அவர் குழு காட்டியது. ஒரே தாலுகாவில் வாழ்ந்தாலும் உறுப்புப் பொருத்தம் எளிதல்ல என்பது இதன் நடைமுறைப் பொருள்.

மூன்றாவது தாக்குதல் முதல் வகை நீரிழிவுக்கே உரியது. முதலில் பீட்டா செல்களைக் கொன்ற அதே டி செல்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் நினைவோடு காத்திருக்கின்றன. புதிய பீட்டா செல் வந்தால் அதையும் கொல்லும். இதற்கு மறுக்க முடியாத சான்று 1980களில் மினசோட்டாவில் டேவிட் சதர்லேண்ட் குழுவிடமிருந்து வந்தது. ஒரு கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு முதல் வகை நீரிழிவு. மற்றவர் நலமாக இருந்தார். நலமானவரின் கணையத்தில் ஒரு பகுதியை எடுத்து நோயாளிக்குப் பொருத்தினார்கள். இருவரின் எச்.எல்.ஏ.வும் அச்சு ஒன்றே. எனவே உடல் ஏற்காமல் போகும் பேச்சே இல்லை என்று தடுப்பாற்றலை ஒடுக்கும் மருந்தும் கொடுக்கவில்லை. சில வாரங்களில் நீரிழிவு திரும்பியது. திசுவை எடுத்துப் பார்த்தபோது டி செல்கள் பீட்டா செல்களை மட்டும் பொறுக்கியெடுத்து அழித்திருந்தன. பக்கத்திலேயே இருந்த குளுக்ககான் செல்களுக்கு ஒரு சேதமும் இல்லை. பிறகு செய்த இரட்டையர் மாற்றுகளில் ஒடுக்கும் மருந்து கொடுத்தபோது கணையம் பிழைத்தது.

முதல் வகை நீரிழிவில் பொருத்தமான கொடையாளரைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான் என்பதை அந்தப் பரிசோதனை நிறுவியது. அண்ணனோ தங்கையோ எவ்வளவு பொருந்தினாலும், நோயாளியின் உடலில் பழைய பகை அப்படியே இருக்கும். இந்தப் பகையை ரத்தத்தில் அளக்கவும் முடியும். ஜி.ஏ.டி.65, ஐ.ஏ.2, இசட்.என்.டி.8 முதலான புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் நோய் வெளித்தெரிவதற்குப் பல ஆண்டு முன்பே தோன்றிவிடும். இந்தியர்களில் டி.ஆர்.3 என்ற எச்.எல்.ஏ. வகை முதல் வகை நீரிழிவோடு அதிகம் தொடர்பு கொண்டிருப்பதும் பல ஆய்வுகளில் தெரிந்தது.

ஒடுக்கும் மருந்தின் விலை

முதல் தாக்குதலுக்கு ஹெப்பரின் போன்ற உறைவுத்தடை மருந்துகள் ஓரளவு உதவுகின்றன. மற்ற இரண்டுக்கும் இன்று ஒரே வழிதான்: ஆயுள் முழுதும் தடுப்பாற்றலை ஒடுக்கிவைப்பது. இங்கேதான் இந்தச் சிகிச்சையின் கணக்கு நம் மண்ணில் மாறிப்போகிறது.

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு மாற்று இல்லாவிட்டால் டயாலிசிஸ். ஒடுக்கும் மருந்தின் தீமையை ஏற்பதில் நியாயம் இருக்கிறது. முதல் வகை நீரிழிவு வந்த பதினாறு வயதுப் பெண்ணுக்கு இன்சுலின் என்ற பாதுகாப்பான மருந்து கையில் இருக்கிறது. அதை விட்டு அவளை ஒடுக்கும் மருந்துக்கு மாற்றினால், ஒரு நாள்பட்ட நோயை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கொடுத்ததாகும்.

இதில் தமிழ்நாட்டின் சொந்தச் சான்று வேலூரில் இருக்கிறது. 1971இல் இந்தியாவின் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று நடந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், மாற்றுப் பெற்றவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குச் சுமார் 13 பேருக்குக் காசநோய் வந்திருந்தது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழக் கால்பங்கு இந்தியாவில் இருக்கிறார்கள். நம்மில் பலரது நுரையீரலில் அந்தக் கிருமி உறங்கிக் கிடக்கிறது; தடுப்பாற்றல்தான் அதைக் கட்டிவைத்திருக்கிறது. கட்டை அவிழ்த்தால் அது எழும். எட்மன்டனிலும் மினசோட்டாவிலும் இந்தக் கவலை சிறியது. பஞ்சாலைத் தொழிலும் விசைத்தறியும் நிறைந்த ராஜபாளையத்தில், நெருக்கமான வீடுகளில் வாழும் குடும்பங்களில், அது முதல் கவலை.

இன்னொரு முரணும் உண்டு. டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளே பீட்டா செல்லுக்கு நஞ்சு, சிறுநீரகத்துக்கும் தீங்கு. நீரிழிவு இல்லாத பலருக்குச் சிறுநீரக மாற்றுக்குப் பின் புதிதாகச் சர்க்கரை வருவதற்கு இந்த மருந்துகளும் ஸ்டீராய்டும் காரணம். திட்டுகளைக் காப்பாற்றத் தரும் மருந்து திட்டுகளையே மெல்லத் தேய்க்கிறது. ரத்தத்தில் அதன் அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து என்பதால் அடிக்கடி பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குச் சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகும். மருந்தை ஒரு மாதம் விட்டாலும் திட்டுகள் போய்விடும்.

தன் திட்டு தனக்கே

ஒடுக்கும் மருந்தே தேவைப்படாத திட்டு மாற்று ஒன்று உண்டு. வரிசையில் நின்ற மூன்றாமவர் இங்கேதான் வருகிறார்.

வெப்பமண்டலக் கணைய நோயை 1959இல் இந்தோனேசியாவிலிருந்து சுய்டெமா விவரித்தார். 1960களில் கேரளத்தின் பி.ஜே. கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளை ஆராய்ந்து 1968இல் ஒரு நூலே எழுதினார். குழந்தைப் பருவத்தில் வயிற்றுவலி, பருவ வயதில் நீரிழிவு, வாழ்வின் உச்சியில் மரணம் என்று இந்த நோயின் போக்கை அவர் சுருக்கிச் சொன்னார். பின்னர் கொல்லம் மாவட்டத்தில் நடந்த கணக்கெடுப்பில் 793 பேருக்கு ஒருவர் நாள்பட்ட கணைய அழற்சியோடு இருந்தது தெரிந்தது. மரவள்ளிக் கிழங்கிலுள்ள நஞ்சுதான் காரணம் என்று நெடுநாள் நம்பினார்கள். கிழங்கே உண்ணாத இடங்களிலும் நோய் இருந்ததால் அந்தக் கருத்து வலுவிழந்தது. 2002 வாக்கில் ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் உள்ளிட்ட ஆய்வுக் குழுக்கள் ஸ்பிங்க்1 என்ற மரபணுவின் மாற்றத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டின. கணையம் தன் நொதியால் தானே செரித்துப் போகாமல் தடுக்கும் புரதத்தை ஆக்குவது அந்த மரபணு.

இந்த வகை நீரிழிவு குறைந்து வருவது நல்ல செய்தி. சென்னையில் மோகனின் மருத்துவமனைக் கணக்கில், நீரிழிவாளர்களில் இவர்களின் பங்கு 1991–95இல் 1.6 சதவீதமாக இருந்து 2006–10இல் 0.2 சதவீதமாகச் சரிந்தது. ஆனாலும் நோய் ஒழிந்துவிடவில்லை. தாங்க முடியாத வலியோடு வாழும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மருந்துக்கும் எண்டோஸ்கோப்பிக்கும் வலி அடங்காதபோது கடைசி வழி கணையத்தை முழுதும் எடுத்துவிடுவது. எடுத்தால் வலி போகும், நீரிழிவு உறுதி. 1977இல் மினசோட்டாவில் சதர்லேண்டும் நஜாரியனும் ஒரு வழி கண்டார்கள்: எடுத்த கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரித்து, அதே நோயாளியின் கல்லீரலிலேயே திரும்பச் செலுத்துவது. திட்டு அவருடையது, அந்நியப் பகை இல்லை. நோய் தன்தாக்கு வகையும் இல்லை. பழைய பகையும் இல்லை. எஞ்சுவது ரத்தம் உறையும் முதல் தாக்குதல் ஒன்றுதான். 2012இல் அந்தக் குழு வெளியிட்ட 409 பேரின் கணக்கில், மூன்றாண்டு முடிவில் 30 சதவீதத்தினர் ஊசியே இல்லாமலும், இன்னும் 33 சதவீதத்தினர் குறைந்த இன்சுலினோடும் இருந்தார்கள். குழந்தைகளில் ஊசி விட்டவர்கள் பாதிக்கு மேல்.

இரண்டு வரலாறுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கட்டுரையின் வாதம் தானே நிற்கும். நோயுற்ற கணையத்திலிருந்து தேறும் சொந்தத் திட்டுகள் எண்ணிக்கையில் குறைவு. அப்படியிருந்தும், ஆரோக்கியமான இரண்டு கணையங்களிலிருந்து வரும் அந்நியத் திட்டுகளைவிட அவை மெதுவாகவே தேய்கின்றன. அதே வாயில்சிரை, அதே கல்லீரல், அதே பிரிப்பு முறை. வேறுபாடு பெரும்பாலும் தடுப்பாற்றலில்தான்.

இந்தியாவில் இந்தச் சொந்தத் திட்டு மாற்றைச் செய்யும் வசதியை, திட்டுப் பிரிக்கும் ஆய்வுக்கூடத்தோடு, உருவாக்கியிருப்பது ஹைதராபாத்தின் ஏசியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜி. ஆய்வுக்கூடமே மருத்துவமனைக்குள் இருந்தாக வேண்டும் என்பதுகூட இல்லை. 2009இல் ஆப்கானிஸ்தானில் சுடப்பட்ட அமெரிக்க வீரர் ஒருவரின் கணையத்தை வாஷிங்டனில் எடுத்து, விமானத்தில் மயாமிக்கு அனுப்பி, ரிக்கோர்டி குழு பிரித்த திட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்து அவருக்கே செலுத்தினார்கள். ஒரு நல்ல ஆய்வுக்கூடம் பல மாவட்டங்களுக்குப் பணிசெய்ய முடியும் என்பதற்கு இது முன்னுதாரணம்.

ஆனால் காலம் முக்கியம். கல்லும் நாரும் நிறைந்து இறுகிப்போன கணையத்தில் தேற்றுவதற்குத் திட்டு இருக்காது. சர்க்கரை வந்தபின் போனால் பயன் குறைவு. வலி மட்டும் இருக்கும் கட்டத்திலேயே போக வேண்டும். "அல்சர்", "வாயு" என்று பல ஆண்டு மாத்திரை வாங்கிக் கழிப்பதில்தான் அந்த வாய்ப்பு கைநழுவுகிறது.

ஒடுக்காமல் ஒளிப்பது

அந்நியத் திட்டுகளையும் ஒடுக்கும் மருந்தில்லாமல் வாழவைக்க முடியுமா என்பதே இன்றைய ஆய்வின் மையம். பழைய முயற்சி உறையிடுவது. 1980இல் லிம், சன் இருவரும் ஆல்ஜினேட் என்ற கடற்பாசிப் பொருளால் திட்டுகளை மூடி எலிகளில் வைத்தார்கள். ராமநாதபுரம் கரையோரம் சேகரிக்கப்படும் சர்காசம் பாசியிலிருந்தும் இதே பொருள்தான் எடுக்கப்படுகிறது. உறையின் நுண்துளை வழியே சர்க்கரையும் இன்சுலினும் போய்வரும். டி செல் நுழையாது. ஆனால் மனித உடல் அந்த உறையைச் சுற்றியே நார்த்திசுவைக் கட்டிவிடுகிறது. உள்ளே இருக்கும் திட்டுகள் மூச்சின்றிச் சாகின்றன.

கொடையாளர் பற்றாக்குறையைக் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) தீர்க்கத் தொடங்கிவிட்டன. 2025 ஜூனில் வெர்டெக்ஸ் நிறுவனத்தின் பரிசோதனை முடிவு வந்தது. கருக் குருத்தணுக்களிலிருந்து வளர்த்த திட்டுகளை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் ஊசியில்லாமல் இருந்தார்கள். அதே பரிசோதனையில் இருவர் இறந்ததும் பதிவாகியிருக்கிறது. ஒருவருக்கு வந்தது கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல். தடுப்பாற்றல் ஒடுங்கியவர்களைத் தாக்கும் பூஞ்சை அது. செல்லை எத்தனை லட்சம் வேண்டுமானாலும் வளர்த்துக்கொள்ளலாம். ஒடுக்கும் மருந்தின் விலை அப்படியே நிற்கிறது.

2024இல் சீனாவில் டெங் ஹொங்குய் குழு, ஓர் இளம்பெண்ணின் சொந்தச் செல்களையே குருத்தணுவாக்கித் திட்டுகளாக வளர்த்து வயிற்றுத் தசையுறையில் வைத்தது. 75ஆம் நாளிலிருந்து அவருக்கு ஊசி தேவைப்படவில்லை. அவர் ஏற்கெனவே கல்லீரல் மாற்றுக்காக ஒடுக்கும் மருந்து எடுத்து வந்தவர் என்பதால், பழைய பகை என்ன செய்யும் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அந்தக் கேள்வியை நேராகச் சந்தித்தது 2025 ஆகஸ்டில் வெளியான உப்சாலா ஆய்வு. கொடையாளரின் திட்டுச் செல்களில் எச்.எல்.ஏ. அடையாளத்தை மரபணுத் திருத்தத்தால் நீக்கி, 'என்னைத் தின்னாதே' என்று சொல்லும் சி.டி.47 புரதத்தை மிகுத்து, முதல் வகை நீரிழிவுள்ள ஒருவரின் முன்கைத் தசையில் செலுத்தினார்கள். ஒடுக்கும் மருந்து ஒன்றும் தரவில்லை. 12 வாரங்களுக்குப் பிறகும் திருத்திய செல்கள் உயிரோடு இன்சுலின் சுரந்தன. திருத்தம் சரியாக நிகழாத செல்கள் அழிந்தன. கொடுத்த அளவு குறைவு என்பதால் அவர் ஊசியைத் தொடர்ந்தார். ஒரே ஒரு நோயாளி, சில மாதங்கள். ஆனாலும் திசை சரியானது.

இங்கே, இப்போது

இதையெல்லாம் தொகுத்துப் பார்த்தால், நம் வரிசையில் நிற்கும் மூவருக்கும் சொல்ல வேண்டியது தெளிவாகிறது.

இரண்டாம் வகையினருக்குத் திட்டு மாற்று தேவையில்லை. நடை, உணவு, மாத்திரை, தேவைப்பட்டால் இன்சுலின். கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் ஆண்டுதோறும் சோதிப்பது. அவ்வளவுதான்.

மெலிந்த உடல், இளம் வயது, பழைய வயிற்றுவலி, சர்க்கரை ஆகியவை சேர்ந்து இருந்தால் ஒரு சாதாரண வயிற்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கணையக் கற்கள் அதிலேயே தெரியும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எடுக்கக்கூடிய படம்தான். கல் இருந்தால் மதுரையில் இரைப்பை-குடல் நிபுணரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் வகைக் குழந்தைக்கு இன்று உலகம் தரக்கூடிய மிகச் சிறந்த சிகிச்சை தடையற்ற இன்சுலின், போதிய சோதனைப் பட்டைகள், பள்ளியில் 'லோ சுகர்' வந்தால் என்ன செய்வது என்று அறிந்த ஓர் ஆசிரியர். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஈரத் துணி சுற்றிய மண்பானையில் இன்சுலினை வைக்கலாம். கோடையிலும் அது பாதுகாக்கும். நகரத்து ஆய்வுக்கூடங்களில் செய்யும் சி-பெப்டைடு, ஜி.ஏ.டி. எதிர்ப்பொருள் சோதனைகள் நோயின் வகையை உறுதிசெய்யும். அரசு மாவட்ட அளவில் இவற்றை இலவசமாக்கினால் தவறான சிகிச்சை பெரிதும் குறையும்.

அதோடு ஓர் எச்சரிக்கை. "ஸ்டெம் செல் மூலம் சுகருக்கு நிரந்தரத் தீர்வு" என்ற விளம்பரங்கள் பெற்றோரைத் தேடி வருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி, ஒப்புதல் பெற்ற சில ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, குருத்தணுச் சிகிச்சை எதுவும் பதிவுசெய்த ஆய்வுப் பரிசோதனைக்கு வெளியே நடக்கக் கூடாது. பரிசோதனையில் சேர நோயாளியிடம் பணம் வாங்குவதும் கூடாது. பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இன்சுலினை நிறுத்தச் சொன்னால் அது உயிருக்கே ஆபத்து.

தமிழ்நாடு 2008 முதல் மூளைச்சாவு உறுப்புக்கொடையில் நாட்டுக்கு வழிகாட்டி வருகிறது. கொடையாளருக்கு அரசு மரியாதை தரும் அறிவிப்பு 2023இல் வந்தது. கொடையாகக் கிடைக்கும் சிறுநீரகமும் கல்லீரலும் பயன்படும் அளவுக்குக் கணையம் பயன்படுவதில்லை. திட்டுகளைப் பிரிக்கும் ஓர் அரசு ஆய்வுக்கூடம் சென்னையிலோ மதுரையிலோ அமைந்தால், கணையக் கல் நோயாளிகளுக்கு உடனே பயன்படும். ஒடுக்கும் மருந்து தேவைப்படாத அந்நியத் திட்டுகள் வரும் நாளில் அவற்றைப் பெறவும் தமிழகம் தயாராக இருக்கும். அதுவரை முதல் வகைக் குழந்தையின் உயிரைக் காப்பது ஒரு நாளும் தவறாத இன்சுலின்தான். அதை உறுதிசெய்வது அரசின் கடமை, கேட்டுப் பெறுவது நம் உரிமை.